அப்பாவுக்கு ஊத முடியாது, பேசவும் முடியாது: வண்டிச் சோதனையில என்ன செய்யறது?

கொடுமுடி_செல்வி | ஞாயிறு, காலை 9:12

வணக்கங்க. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

அப்பாவுக்கு வயசு 61. மூணு வருசத்துக்கு முன்னாடி தொண்டையில புத்துநோய் வந்து குரல்வளையை முழுசா எடுத்துட்டாங்க. இப்ப மூச்சு கழுத்துல இருக்கற துளை வழியாத்தான். பேசறதுக்கு ஒரு கருவி இருக்குதுங்க, சின்ன டார்ச் லைட்டு மாதிரி. தாடைக்குக் கீழ வெச்சு அழுத்திட்டு வாயை அசைச்சா ரீங்காரமா குரல் வரும். எங்களுக்குப் பழகிருச்சு. புதுசாக் கேக்கறவங்க ஒரு நிமிசம் மிரளுவாங்க.

நேத்து ராத்திரி ஒரு வரவேற்புக்குப் போயிட்டுத் தனியா வண்டியில வந்திருக்காரு. வழியில சோதனை. ஊதச் சொல்லிருக்காங்க. அவருக்கு வாய்க்கும் நுரையீரலுக்கும் தொடர்பே கிடையாதுங்க. கன்னத்துல இருக்கற காத்தை மட்டுந்தான் தள்ள முடியும். மெசின்ல ஒண்ணும் காட்டலை. 'நடிக்கறியா'ன்னு மறுபடியும் ஊதச் சொல்லிருக்காங்க. கழுத்தைக் காட்டிருக்காரு, ஆனா துண்டு சுத்தியிருந்தது. பேசற கருவியை எடுக்கலாம்னு சட்டைப் பையில கையை விட்டதும் தட்டிவிட்டுட்டாங்க. அது கீழ விழுந்து பேட்டரி ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம். அப்புறம் சட்டைக் காலரைப் பிடிச்சிருக்காங்க. அவரோட மூக்கு காலருக்குள்ளதான் இருக்குதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?

கடைசியில தெரிஞ்ச டீக்கடை அண்ணன் ஓடி வந்து விவரம் சொன்னதுக்கப்புறம் விட்டுட்டாங்க. போறப்ப 'இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன'ன்னு கேட்டாங்களாம்.

ரெண்டு கேள்விங்க. ஊத முடியலைன்னா சட்டம் என்ன சொல்லுது? இன்னொண்ணு, கழுத்துல மாட்டறதுக்கு ஒரு அட்டை அடிக்கலாம்னு இருக்கேன். 'நான் வாய் பேச இயலாத மாற்றுத்திறனாளி. தயவுசெய்து உதவவும்'னு எழுதி, கீழ என் நம்பர். இது போதுமா?

ரெண்டாம்_ஷிஃப்ட் | ஞாயிறு, காலை 9:40

படிக்கவே கஷ்டமா இருக்கு சிஸ்டர். அப்பா இப்ப எப்படி இருக்கார்? அட்டை நல்ல யோசனை. கூடவே ஒரு விசில் வாங்கிக் கொடுங்க. யாராவது வம்பு பண்ணா ஊதினா கூட்டம் கூடிடும்.

துளைமூக்கன் | ஞாயிறு, காலை 10:05

விசில் யோசனை சொன்ன தம்பிக்கு நன்றி. எதால ஊதறதுன்னும் சொல்லிடுங்க.

கோவிச்சுக்காதீங்க, நானும் அதே ஆபரேஷன்காரன்தான், ஏழு வருஷம் ஆச்சு. எனக்கும் வீட்ல முதல்ல வாங்கிக் கொடுத்தது விசில்தான். பேரன் எடுத்துக்கிட்டான். எங்களுக்குச் சரிப்பட்டு வர்றது சாவிக்கொத்துல மாட்டுற அலாரம். ஊசியை இழுத்தா அலறும், பேட்டரி போட்டது, ஆன்லைன்ல கிடைக்குது. அதுவும் இல்லாதப்ப வண்டி ஹாரனை விடாம அடிப்பேன்.

செல்வி, உங்க அட்டையில 'உதவவும்' வேண்டாம்மா. பஸ் ஸ்டாண்டுல வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி மடியில ஒரு அட்டையை வெச்சிட்டுப் போய், திரும்பி வந்து காசோட வாங்கிக்கிறவங்களைப் பார்த்திருப்பீங்க. போலீஸ்காரரும் பார்த்திருப்பார். முதல் வரியை வாசிச்சதுமே உங்கப்பாவை அந்தக் கணக்குல சேர்த்துடுவார்.

'வாய் பேச இயலாத'ங்கிறதும் எங்களுக்குப் பத்தாது. அதைப் படிச்சா காது கேக்காதுன்னு எடுத்துக்கிட்டு கத்திப் பேச ஆரம்பிப்பாங்க. ஒரு தடவை ஒரு காவலர் என் காதுகிட்ட வந்து கத்தினதுல மறுநாள் வரைக்கும் ஙொய்ங்குனு இருந்துச்சு. காது நல்லா கேக்கும்னு தனி வரி போடுங்க.

முதல் வரி கழுத்துதான். பேச்சு வராததால யாரும் சாகறதில்லை. அந்தத் துளையைக் கை மூடினாலோ, ஆளைக் குப்புறப் படுக்கப் போட்டாலோ முடிஞ்சுது. மயங்கிட்டா ஆக்சிஜன் மாஸ்க்கை முகத்துல வெச்சுப் பிரயோஜனம் இல்லை, கழுத்துல வெக்கணும். 108 வண்டியில வர்றவங்களுக்கும் இது அட்டையில இருக்கணும்.

கருப்புக்கோட்டு | ஞாயிறு, பகல் 12:30

சட்டக் கேள்விக்கு வர்றேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தா குற்றம். மூச்சுச் சோதனை பிரிவு 203. அதுல 'மறுத்தாலோ, தவறினாலோ'ன்னு இருக்கு. ஊத முடியாம போறதும் 'தவறினால்'ல விழுந்துடும், அதான் சிக்கல். ஆனா அது மட்டும் போதாது, குடிச்சிருக்கார்னு சந்தேகப்பட நியாயமான காரணமும் அந்த அதிகாரிக்கு இருந்தாத்தான் கைது பண்ணலாம். பிரிவு 204ல ரத்தப் பரிசோதனைக்கு வழி இருக்கு, பதிவு பெற்ற மருத்துவர் மூலமா. அதனால அட்டையில 'ரத்தப் பரிசோதனைக்குச் சம்மதம்'னு ஒரு வரி சேருங்க. மறுக்கிற ஆள் இல்லைன்னு அந்த இடத்துலயே எழுத்துல காட்டின மாதிரி ஆகும்.

UDID-ன்னு சொல்ற தனித்துவ அடையாள அட்டை எடுத்துட்டீங்களா? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தோட அட்டவணையில 'பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு' தனியா இருக்கு. குரல்வளை அகற்றப்பட்டதை அதுல பேர் சொல்லியே எழுதியிருக்காங்க. நிறைய பேர் ஆபரேஷன் ஆனவங்க 'நாம மாற்றுத்திறனாளி இல்லையே, நோயாளிதானே'ன்னு விண்ணப்பிக்கிறதே இல்லை.

மஃப்டி_மாமா | ஞாயிறு, மாலை 4:18

எஸ்ஐயா இருந்து ஓய்வு பெற்றவன். திட்டுறவங்க திட்டிட்டுப் போங்க, முதல்ல எங்க பக்கத்தையும் கேளுங்க.

ராத்திரி சோதனையில நிக்கிறவன் காலையில இருந்து பந்தோபஸ்து பார்த்துட்டு வந்தவனா இருப்பான். ஊதறேன்னு ஏமாத்துறவன் தினமும் பத்து பேராவது வருவான். கன்னத்தை உப்பிட்டு ஊதுற மாதிரி பாவ்லா காட்டுறது பழைய வேலை. செல்வி அப்பா செஞ்சது அச்சு அசல் அதே மாதிரி தெரிஞ்சிருக்கும். பைக்குள்ள திடீர்னு கை போனா எவனும் தட்டித்தான் விடுவான். காலரைப் பிடிச்சது தப்பு, அதுக்கு நான் வக்காலத்து வாங்கல. முப்பது வருஷ சர்வீஸ்ல கழுத்தால மூச்சு விடுற மனுஷன் இருக்கான்னு எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்.

நிறுத்தச் சொன்னா வண்டியை அணைச்சுட்டு ரெண்டு கையையும் ஹேண்டில்பார்லயே வெச்சிருக்கணும். அட்டை பைக்குள்ள இருந்தா அதை எடுக்கிறதே ஒரு வம்பு. வெளியில, டார்ச் அடிச்சதும் கண்ணுல படுற இடத்துல இருக்கணும். எழுத்து பெருசா இருக்கணும், நாலு வரிக்கு மேல ஒருத்தனும் படிக்க மாட்டான்.

தாமிரபரணி_தங்கம் | ஞாயிறு, மாலை 5:02

மாமா சொல்றது ஆம்பளைக்குச் சரி. என் தங்கச்சிக்குப் பிறவியிலேயே காது கேக்காது, பேச்சும் வராது. கடையில வேலை முடிஞ்சு ராத்திரி ஒன்பதரை பஸ்ல வருவா. அவ கழுத்துல டார்ச் அடிச்சா தெரியுற மாதிரி ஒரு அட்டை தொங்குச்சுன்னா அதுக்கு என்ன அர்த்தம்? 'இவ கத்த மாட்டா'ன்னு ஊருக்கே நாமளே தண்டோரா போட்ட மாதிரி. அட்டை போலீஸு மட்டும்தான் படிக்குமா? நான் மாட்ட விட மாட்டேன்.

அட்டையில எழுதினா மட்டும் என்ன, அவளுக்குத் தமிழ் எழுத்து அவ்வளவு ஓடாது. அவ மொழி சைகை. 'எழுதிக் காட்டு'ன்னு பேப்பரை நீட்டுனா, நாம இந்தியில எழுதுற மாதிரிதான் அவளுக்கு. இது பலருக்குப் புரியவே மாட்டேங்குது. பேச வராதுன்னா எழுத வரும்னு நினைச்சுக்கிடுதாவ.

துளைமூக்கன் | ஞாயிறு, மாலை 5:30

தங்கம் சொன்னது எனக்கு உறைக்குது. என் விஷயத்துல அட்டை கவசம், உங்க தங்கச்சி விஷயத்துல அதுவே ஆபத்து. ஒரே அட்டையை எல்லாருக்கும் அடிக்க முடியாது. போன் உறைக்குப் பின்னாடி வெச்சுக்கலாமோ? வேணுங்கிறப்ப திருப்பிக் காட்டலாம்.

தறி_நாகு | ஞாயிறு, இரவு 8:47

எங்கம்மா கதை இன்னும் வேற. பக்கவாதம் வந்து பேச்சு போச்சு. கையெழுத்தும் போச்சு, ஏன்னா மூளையில மொழிக்கான இடமே அடிபட்டிருக்கு. அஃபேஷியான்னு சொன்னாங்க. புத்தி தெளிவா இருக்கு, சீட்டு விளையாடினா என்னை ஜெயிப்பாங்க. ஆனா நினைக்கிற சொல் ஒண்ணு, வர்ற சொல் ஒண்ணு.

போன வருஷம் வாசல்ல உட்கார்ந்திருந்தப்ப சங்கிலியை அத்துட்டுப் போயிட்டான். புகார் எழுதினவர் நல்ல மனுஷர்தான், அவசரப்படல. 'பைக்ல வந்தானாம்மா?' ஆமான்னு தலையாட்டுனாங்க. 'ரெண்டு பேரா?' ஆமா. 'ஹெல்மெட்டா?' ஆமா. எல்லாத்தையும் எழுதிட்டாங்க. எனக்குச் சந்தேகம் வந்து 'நடந்து வந்தானா?'ன்னு கேட்டேன். அதுக்கும் ஆமா! அஃபேஷியாவுல ஆமாவும் இல்லையும் மாறிப் போறது சகஜம்னு பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மேடம் அப்புறம்தான் சொன்னாங்க. ஒரே கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்கணும், படத்தைக் காட்டித் தொடச் சொல்லணுமாம். பைக், சைக்கிள், நடக்கிற ஆள்னு வரைஞ்சு காட்டினோம். உடனே சைக்கிளைத் தொட்டாங்க. ஒருத்தன்தான், சைக்கிள்ல வந்திருக்கான்.

இதை நினைச்சா எனக்கு ராத்திரி தூக்கம் வராது. சங்கிலி போனது கூட பரவாயில்லை. அன்னைக்கு யாராவது ஒரு பையனைக் கொண்டு வந்து நிறுத்தி 'இவனாம்மா?'ன்னு கேட்டிருந்தா? ஆமான்னுதான் ஆட்டியிருப்பாங்க.

பாஞ்சை_முத்து | ஞாயிறு, இரவு 9:15

நடுவுல ஒரு சங்கதி. நம்ம பாஞ்சாலங்குறிச்சி ஊமைத்துரை, கட்டபொம்மன் தம்பி, அவருக்கும் பேச்சு கிடையாது. எதிர்த்துப் போரிட்ட வெள்ளைக்கார அதிகாரி வெல்ஷே எழுதி வெச்சிருக்கான். இடது உள்ளங்கையில சின்னச் சின்ன வைக்கோல் துரும்பை அடுக்குவாராம், அதுதான் இங்கிலீஷ் பட்டாளம். எந்நேரம்னு சைகை காட்டிட்டு, வலது கையால ஒரே வீச்சு, துரும்பெல்லாம் பறக்கும், வாயில விஷ்ஷுனு ஒரு சத்தம். தாக்குங்கலேன்னு அர்த்தம். படையே அதைப் பார்த்துக் கிளம்பும். கோட்டையில இருந்த அத்தனை பேருக்கும் அவர் கை பேசுனது புரிஞ்சிருக்கு. இன்னைக்கு ஒரு ஸ்டேஷனுக்குப் புரியல.

'ஊமை ஊரைக் கெடுக்கும்'னு பழமொழி வேற சொல்லித் திரியுதோம்.

மட்டுறுத்துநர் | ஞாயிறு, இரவு 9:31

முத்து அண்ணாச்சி, நல்ல தகவல், ஆனா வரலாற்றுக்குத் தனி இழை இருக்கு. இங்கே பாதுகாப்பு, புகார் பற்றித் தொடருங்க. ஸ்டேஷன் பெயர், அதிகாரி பெயர் யாரும் எழுத வேண்டாம்.

கருப்புக்கோட்டு | திங்கள், காலை 7:20

நாகு, தங்கம் ரெண்டு பேருக்கும் சேர்த்து எழுதறேன்.

2013ல சட்டத்தைத் திருத்தினப்ப ஒரு நல்ல ஏற்பாடு வந்துச்சு. அது இப்ப பிஎன்எஸ்எஸ்ங்கிற புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட பிரிவு 173ல இருக்கு. பாலியல் குற்றங்கள், ஆசிட் வீச்சு மாதிரி அதுல பட்டியல் போட்ட குற்றங்கள்ல, பாதிக்கப்பட்டவர் உடல் அல்லது மனக் குறைபாடு உள்ளவரா இருந்தா, போலீஸ்தான் அவர் வீட்டுக்கோ அவர் சொல்ற இடத்துக்கோ போய் வாக்குமூலம் எழுதணும். மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பாசிரியர் கூட இருக்கணும். வீடியோ எடுக்கணும். குறைபாடு நிரந்தரமா இருக்கணும்னு கூட இல்லை, தற்காலிகமானாலும் பொருந்தும். தங்கம், இதை உங்க தங்கச்சிக்காக ஒரு தாள்ல எழுதி வெச்சுக்கோங்க.

குறை என்னன்னா, இந்தப் பிரிவு அந்தப் பட்டியலோட நின்னுடுது. நாகு அம்மாவோட சங்கிலி அதுல வராது. செல்வி அப்பாவோட விஷயம் புகார்தாரர் கணக்குலயே வராது, அவரை அங்க நிறுத்தினது சந்தேகத்துல. பேச முடியாத ஆளை விசாரிக்கும்போது முதல் நிமிஷத்துல என்ன செய்யணும்னு இதுல ஒரு வரி இல்லை. என் வருத்தம் அதுதான்.

இருக்கிறதை வெச்சுப் பார்த்தா: விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வான்னு மாற்றுத்திறனாளியைக் கட்டாயப்படுத்த முடியாது, பிஎன்எஸ்எஸ் 179. அவர் இருக்கிற இடத்துக்குத்தான் வரணும், அவரே விரும்பினா போகலாம். புகாரை மின்னணு வழியா அனுப்பலாம், மூணு நாளுக்குள்ள கையெழுத்துப் போட்டாப் போதும். பேச முடியாதவங்களுக்கு இதைவிட வசதி வேற இல்லை, ஆனா யாரும் பயன்படுத்தறதில்லை. 2016 சட்டம் பிரிவு 7ன் கீழ, மாற்றுத்திறனாளி மேல நடந்த வன்முறை பத்தின புகார் வந்தா, இலவச சட்ட உதவிக்கு உரிமை இருக்குன்னு போலீஸே அவருக்குச் சொல்லணும். சொல்லலைன்னா நீங்க 15100க்குப் பேசுங்க, சட்டப் பணிகள் ஆணைக்குழு நம்பர்.

அப்புறம், குடும்பத்துல ஒருத்தரே மொழிபெயர்க்கலாமான்னு கேட்பீங்க. காது கேக்காத, பேச வராத சாட்சி பத்தி 2012ல ராஜஸ்தான் வழக்கு ஒண்ணுல உச்சநீதிமன்றம் தெளிவா சொல்லியிருக்கு. மொழிபெயர்க்கிறவர் பழகின சூழல்ல இருந்து வரலாம், ஆனா வழக்குல அக்கறை உள்ளவரா இருக்கக் கூடாது. அவருக்கும் பிரமாணம் உண்டு. மொழிபெயர்ப்பை மட்டும் எழுதினா போதாது, சாட்சி காட்டின சைகையையும் பதிவு பண்ணணும். அதனால தங்கம், நீங்களே எல்லாத்தையும் சொல்லிட்டா பின்னாடி கோர்ட்ல அதையே பிடிச்சுக்குவாங்க. தங்கச்சி படிச்ச பள்ளியில சைகை தெரிஞ்ச ஆசிரியர் யாரையாவது இப்பவே பேசி வெச்சுக்கோங்க. அன்னைக்குத் தேடினா கிடைக்க மாட்டாங்க.

மஃப்டி_மாமா | திங்கள், காலை 8:02

வக்கீல் சொல்லாம விட்ட ஒண்ணு. கைவிலங்கு. சைகை பேசுறவனுக்கும் எழுதுறவனுக்கும் கையைக் கட்டினா வாயைக் கட்டின மாதிரி. எங்க ஸ்டேஷன்ல ஒரு காது கேக்காத பையனைப் பின்கட்டா கட்டி உட்கார வெச்சுட்டு 'பதில் சொல்ல மாட்டேங்கிறான்'னு ஒரு ஏட்டு என்கிட்ட வந்து சொன்னார். அவிழ்த்து விடச் சொன்னேன். அவிழ்த்த உடனே ரெண்டு கையும் எப்படிப் பேசுச்சு தெரியுமா? ஒரு வார்த்தை எனக்குப் புரியல. ஆனா ஏதோ சொல்ல இருக்குன்னு புரிஞ்சுது.

ஸ்காபரோ_மாமி | திங்கள், காலை 8:40

நான் கனடாவில இருந்து எழுதுறன். என்ர அவருக்கும் ஸ்ட்ரோக் வந்து கதை போட்டுது. இஞ்ச 911க்கு எழுத்தில கதைக்கலாம், ஆனா முதல்லயே போன் கொம்பனியிட்ட பதிஞ்சு வைக்கவேணும். பிறகு 911ஐ அடிச்சா, எடுக்கிறவருக்கு இவர் கதைக்கேலாத ஆள் எண்டு திரையில காட்டும். அவர்தான் எழுத்தில தொடங்குவார். நேர எஸ்எம்எஸ் அனுப்பினா போகாது. நாங்கள் பதியாமல் ஒரு வருசம் இருந்திட்டம், ஒருத்தரும் சொல்லேல்ல. அங்க அப்பிடி ஒண்டும் இல்லையோ?

ரெண்டாம்_ஷிஃப்ட் | திங்கள், காலை 9:11

விசில் சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டவன்தான், பிராயச்சித்தமா இதைத் தேடிப் பார்த்தேன்.

112 இந்தியா செயலி இருக்கு, தமிழ்நாடு போலீஸோட 'காவல் உதவி' செயலி 2022ல இருந்து இருக்கு. சிவப்புப் பொத்தானை அழுத்தினா நாம இருக்கிற இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகுது. பட்டன் போன்ல 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடிக்கணும், ஸ்மார்ட்போன்ல பவர் பட்டனை மூணு தடவை, சில மாடல்ல அஞ்சு. செட்டிங்ஸ்ல பார்த்துக்கோங்க.

பிரச்சினை, பட்டனை அழுத்தினாலும் கடைசியில போறது குரல் அழைப்புதான். எதிர்முனையில 'சொல்லுங்க, சொல்லுங்க'ன்னுவாங்க. சத்தம் இல்லைன்னா குழந்தை கை பட்டுடுச்சுன்னு நினைச்சு வெச்சுடலாம். அதுக்கு ஒரு வழி: 'பேச முடியாதவரோட அழைப்பு, துண்டிக்காதீங்க, இந்த முகவரிக்கு வாங்க'ன்னு யார் குரல்லயாவது பதிவு பண்ணி வெச்சுக்கணும். பேசிக்கிட்டிருக்கிற அதே போன்ல அதை ஓட்டினா பல போன்கள்ல எதிர்முனைக்குச் சரியாப் போறதில்லை, தம்பியை வெச்சு சோதிச்சுப் பார்த்தேன். பழைய போன் ஒண்ணுல பதிவு பண்ணி, அதை இந்த போன் வாய்கிட்ட பிடிக்கணும்.

துளைமூக்கன் | திங்கள், காலை 9:26

விசில் கணக்கு நேர் ஆயிடுச்சு தம்பி.

கொடுமுடி_செல்வி | வியாழன், இரவு 9:50

எல்லாருக்கும் நன்றிங்க. தங்கம் அக்கா சொன்னதைப் படிச்சுட்டு ரெண்டு நாள் அட்டையே வேண்டாம்னு இருந்தேன். அப்புறம் அப்பாகிட்டயே காட்டிக் கேட்டேன். இதை மொதல்லயே செஞ்சிருக்கணும், நான்பாட்டுக்கு அவருக்கு அட்டை அடிச்சுட்டு இருந்திருக்கேன்.

இந்த இழை மொத்தத்தையும் படிச்சாரு. ஊமைத்துரை பகுதியை ரெண்டு தடவை படிச்சாரு. அப்புறம் பேனாவை எடுத்து அவரே எழுதினாரு:

'என் மூச்சு கழுத்துத் துளையில். கழுத்தைத் தொடாதீர்கள், மூடாதீர்கள்.
காது நன்றாகக் கேட்கும். பேசும் கருவி சட்டைப் பையில் உள்ளது, எடுக்க விடுங்கள்.
வாயால் ஊத இயலாது. ரத்தப் பரிசோதனைக்குச் சம்மதம்.
ஆக்சிஜன் தேவையென்றால் கழுத்தில் வைக்கவும்.'

மாமா சொன்ன மாதிரி நாலு வரி. மாற்றுத்திறனாளிங்கற சொல்லை அவர் போடலைங்க. அது அரசாங்க அட்டையில இருந்தாப் போதும்னுட்டாரு, அதுக்கு விண்ணப்பம் போட்டாச்சு. கழுத்துல தொங்க விடமாட்டேன்னுட்டாரு. வண்டி ஹேண்டில்பாருக்கு நடுவுல, ஸ்பீடாமீட்டருக்கு மேல ஒட்டியிருக்கோம். டார்ச் அடிச்சா நேரா அதுலதான் படும், வண்டியை விட்டு இறங்கிட்டா யாருக்கும் தெரியாது. பின்னாடி இருந்து பாத்தாலும் தெரியாது. போன் உறைக்குள்ள இன்னொண்ணு.

புகார் கொடுக்கலாமான்னு கேட்டேன். ஆன்லைன்ல கொடுக்கலாம்னு வக்கீல் சார் சொன்னதையும் காட்டினேன். தலையை ஆட்டினாரு. ஆமான்னா இல்லைன்னான்னு ஒரு நிமிசம் எனக்கே புரியலை, நாகு அண்ணன் அம்மா ஞாபகம் வந்திருச்சு. திருப்பிப் போட்டுக் கேட்டேன். கருவியைத் தாடையில வெச்சு, 'பேட்டரி மூடி முந்நூறு ரூவா. அதையும் எழுது'ன்னாரு.

நாளைக்கு உக்காந்து எழுதறோம். வக்கீல் சார், அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக் குடுப்பீங்களா?

கருப்புக்கோட்டு | வியாழன், இரவு 10:04

தனிமடல்ல அனுப்புங்க. கருவி வாங்கின ரசீது இருந்தா அதையும்.